துளிரும் கிரீடமும்: ஃபைனல் ஃபேண்டஸி 14இல் ஐந்து ஆண்டுகள்

2020 அக்டோபரில் ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற இணையவழிக் கணினி விளையாட்டை ஆடத் தொடங்கினேன். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் இலவசப் பதிப்பை 60ஆம் நிலைவரை நீட்டித்திருந்தார்கள். காசு கேட்காத எதையும் ஒரு கை பார்ப்பது என் வழக்கம். சர்வர் ஜப்பானுடையது. எனக்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல் தெரியாது.

வாள்வீரனைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வுக்குள் ஒரு பொறுப்பு ஒளிந்திருப்பது 15ஆம் நிலையில் சஸ்தாஷா குகைக்குள் போனபோதுதான் உறைத்தது. நால்வர் குழுவில் வாள்வீரன்தான் டேங்க். எதிரிகள் மற்ற மூவரையும் விட்டுவிட்டு அவனையே அடிக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ‘அயர்ன் வில்’ என்ற திறனை முதலில் இயக்கி வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. கடற்கொள்ளையர்கள் என்னை ஏறெடுத்தும் பார்க்காமல், குழுவினரின் காயத்தை ஆற்றும் ஹீலரைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

துரத்தப்பட்ட ஹீலர் திட்டவில்லை. சண்டை முடிந்ததும் அரட்டைப் பெட்டியில் அந்தத் திறனின் பெயரையும் ஒரு கேள்விக்குறியையும் மட்டும் போட்டார். இந்த ஆட்டத்தில் டேப் பொத்தானை அழுத்தினால் ஆயத்தச் சொற்களின் அகராதி ஒன்று திறக்கும். அதிலிருந்து எடுக்கும் சொல் சிவப்பும் பச்சையுமான இரண்டு அடையாளங்களுக்கு நடுவே அவரவர் மொழியில் தெரியும். அவர் ஜப்பானிய மொழியில் எடுத்தது எனக்கு ஆங்கிலத்தில் வந்தது. இயக்கினேன். அவருடைய பாத்திரம் ஒரு முறை கைதட்டியது. அவ்வளவுதான் பாடம்.

அவர் பொறுத்துக்கொண்டதற்கு என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த துளிர்ச் சின்னமும் ஒரு காரணம். ஜப்பானில் புதிதாக உரிமம் வாங்கியவர்கள் ஓராண்டுக்குக் காரில் ஒட்டிக்கொள்ளும் இளந்தளிர் அடையாளம் 1972 முதல் இருக்கிறது. அதன் சாயல்தான் இது. நம் ஊர் ‘எல்’ போர்டுக்குத் தூரத்து உறவு. குறிப்பிட்ட நேரம் ஆடி, கதையிலும் ஒரு கட்டம் தாண்டிய பிறகுதான் உதிரும்.

ஆனால் சின்னத்தைப் பார்த்து எல்லோருக்கும் மனம் இளகிவிடாது. ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. அன்றாடப் பரிசுக்காகப் பழைய ஆட்டக்காரர்கள் ‘ரூலெட்’ என்ற குலுக்கலில் பதிவு செய்வார்கள், எந்தக் குகை கிடைக்கிறதோ அதற்கேற்ப அவர்களின் நிலை குறைக்கப்படும். குழுவில் ஒருவருக்கு அந்த இடம் முதல் முறை என்றால் மற்றவர்களுக்குக் கூடுதல் பரிசு உண்டு. அந்த அறிவிப்பு வந்ததும் “வாருங்கள், வாருங்கள்” என்று ஒரு சின்ன உற்சாகம் பரவும். புதியவர் அங்கே சுமை அல்ல, லாபம். சுயநலத்தில் வந்த வரவேற்பு என்று குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

துளிருக்கு நேர்மாறு கிரீடம். வழிகாட்டி என்ற தகுதி பெற்றவர்களின் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது அது. சக ஆட்டக்காரர்களிடமிருந்து 1,500 பாராட்டுகள் பெற்றிருக்க வேண்டும், வேறு நிபந்தனைகளும் உண்டு. வழிகாட்டிகளுக்கான ரூலெட்டை 2,000 முறை முடித்தால் ஒரு குதிரை கிடைக்கும். குதிரைக்காக வழிகாட்டி ஆனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதில்லை. என்னிடம் “ஏன் நடக்கிறாய், ஓடு” என்று எரிந்து விழுந்த ஒரே ஆள் கிரீடம் அணிந்தவர். நல்ல வழிகாட்டிகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் கிரீடத்தை மறைத்தே வைத்திருந்தார்கள்.

பிரிட்டோரியம் கதை இன்னொன்று. முதல் கதைப் பகுதியின் முடிவில் வரும் கோட்டை அது. முன்பு எட்டுப் பேர் சேர்ந்து போக வேண்டும். புதியவர் கதைக் காட்சியைப் பார்த்து முடிப்பதற்குள் மற்றவர்கள் சண்டையை முடித்துவிடுவார்கள். 2018இல் காட்சிகளைத் தாண்டவே முடியாதபடி ஆக்கினார்கள். நான் போனபோது ஏழு பேர் எனக்காகக் கட்டாயமாக அமர்ந்திருந்தார்கள். ஒருவர் தேநீர் போடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வில்லன் நீட்டி முழக்கிப் பேசிக்கொண்டிருக்க, எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. 2022 ஏப்ரலில் அதை நால்வர் போகும் இடமாகச் சுருக்கினார்கள். அதே சமயத்தில் தொடக்கக் குகைகளில் கணினியே இயக்கும் பாத்திரங்களோடு தனியாகப் போகவும் வழி வந்தது. கூச்சக்காரர்களுக்கு இது வரம். ஆனால் அந்தப் பாத்திரங்கள் கைதட்டுவதில்லை.

எங்கள் கில்டின், அதாவது சேர்ந்து ஆடும் எங்கள் குழுவின், தவறையும் சொல்ல வேண்டும். 2022இல் ஒரு புதியவர் சேர்ந்தார். ஆளுக்கு ஆள் பணம் கொடுத்தோம், கவசம் கொடுத்தோம். நிலைக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு அவரைக் குகை குகையாக இழுத்துச் சென்றோம். அவர் வாளை உருவுவதற்குள் அரக்கன் செத்து விழுந்தான். கதையில் எங்கே இருக்கிறீர்கள், யாரைப் பிடித்திருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் வரவில்லை. அதன் பிறகு, கேட்டால் ஒழிய ஆலோசனை சொல்வதில்லை என்று எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். இரண்டு பேரால் மட்டும் இன்னும் வாயைக் கட்ட முடியவில்லை. அதில் ஒருவன் நான்.

போன வாரம் ரூலெட்டில் சஸ்தாஷா விழுந்தது. டேங்க் ஒரு துளிர். அங்கே சிவப்பு, நீலம், பச்சை என மூன்று பவளங்கள் உண்டு. சரியான நிறம் ஒவ்வொரு முறையும் மாறும். விடை தரையில் கிடக்கும் ரத்தம் படிந்த காகிதத்தில் இருக்கிறது. மாற்றித் தொட்டால் எதிரிகள் பாய்வார்கள். எனக்கு விடை தெரியும், விரல்கள் துறுதுறுத்தன. அவர் காகிதத்தைப் படித்துவிட்டு நிதானமாக நடந்து போய்ப் பச்சையைத் தொட்டார். சரியான விடை நீலம். பாய்ந்தவர்களை அடித்து முடித்தபின், சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே “மன்னிக்கவும்” என்பதற்கான சொல் வந்தது. நான் கைதட்டினேன். அவர் நீலத்தைத் தொட்டார்.