அஜந்தா: ஓவியம் பார்க்கப் போகிறவர்களுக்கு
திங்கட்கிழமை அஜந்தா மூடியிருக்கும், எல்லோராவுக்குச் செவ்வாய். இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுபவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். சொந்த வண்டி சுமார் 4 கி.மீ. முன்பே நின்றுவிடும், அங்கிருந்து பேருந்துதான். ஓவியங்கள் அதிகம் மிஞ்சியிருப்பது 1, 2, 16, 17 எண் குகைகளில். கூட்டம் சேருமுன் அவற்றைப் பார்த்துவிடுங்கள். ஃபிளாஷ் கூடாது. உள்ளே போனதும் எல்லாம் இருட்டாகத்தான் இருக்கும், கண் பழகட்டும். 1-ஆம் குகையில் கருவறைக்கு இடப்புறம் பத்மபாணி என்ற போதிசத்துவரின் (புத்தநிலையை நோக்கிச் செல்பவர்) ஓவியம்: தாமரை பிடித்த விரல்களின் வளைவையும் மணிமுடியின் நுணுக்கத்தையும் நின்று பாருங்கள். மண்சாந்தின்மேல் சுண்ணாம்பு பூசி, உலர்ந்தபின் தீட்டியவை இவை. ஈரம் ஏறினால் சாந்தோடு பெயர்ந்துவிடும். பழைய வார்னிஷ் பழுப்பேறி நிறத்தை மறைப்பதுதான் எரிச்சல். பலர் 17-ஓடு களைத்துத் திரும்பிவிடுகிறார்கள். 26-இல் சுமார் 7 மீட்டர் நீளத்தில் பரிநிர்வாண புத்தர், அதாவது இறுதி நேரத்துப் புத்தர், சிலையாகப் படுத்திருக்கிறார், விட்டுவிடாதீர்கள்.