போட்டர்கூக் உடனடிக் கலவை: பெட்டிக்குள் இல்லாத வெண்ணெய்

நெதர்லாந்தின் பேரங்காடிகளில் மாவும் சர்க்கரையும் அடுக்கியிருக்கும் அலமாரியில், ஆப்பிள் கேக், பான்கேக் கலவைகளுக்கு நடுவே அந்நாட்டு வெண்ணெய்க் கேக்கான போட்டர்கூக்கின் கலவைப் பெட்டியும் இருக்கும். அட்டையில் பொன்னிற வட்டக் கேக், அதன் மேல் முள்கரண்டியால் இழுத்த சதுரக் கோடுகள், ஓரத்தில் ஒரு காப்பிக் கோப்பை. வீட்டில் போட்டர்கூக் செய்ய வேண்டும் என்று நினைப்பவர் முதலில் எட்டி எடுப்பது பெரும்பாலும் இந்தப் பெட்டியைத்தான். இத்தகைய ஒரு கலவையை வெண்ணெயோடும், அதற்கு மாற்றாக விற்கும் மார்கரின் என்ற கொழுப்போடும் தனித்தனியே செய்து பார்த்து, கலவை எதுவும் இல்லாமல் வீட்டு முறைப்படி செய்ததோடு ஒப்பிட்டு எழுதிய மதிப்பீடு இது. பெட்டியின் விலை இரண்டரை யூரோவுக்குச் சற்று அதிகம். அந்த விலைக்கு அது நமக்கு எதைத் தருகிறது, எதை நம்மிடமே விட்டுவிடுகிறது என்பதே இங்குள்ள கேள்வி.

போட்டர்கூக் உப்பி எழும் கேக் அன்று. ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உயரமே உள்ள, கனமான, வெண்ணெய் மணக்கும் தட்டையான பண்டம். மாவு, சர்க்கரை, வெண்ணெய், கொஞ்சம் முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, விருப்பமிருந்தால் எலுமிச்சைத் தோல் துருவல் என்பதோடு அதன் பட்டியல் முடிந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தின் ஷார்ட்பிரெட்டோடு அதை உறவு சொல்வார்கள். ஆனால், அங்கே சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரு பங்கு, மாவு மூன்று பங்கு என்பது வழக்கமான அளவு. இங்கோ வெண்ணெயும் சர்க்கரையும் சம எடை, மாவு அவற்றைவிடக் கொஞ்சமே கூடுதல். இந்த அளவுதான் போட்டர்கூக்கை மொறுமொறுப்பான பிஸ்கட்டாகப் போகவிடாமல், ஓரம் கெட்டியாகவும் நடுப்பகுதி ஈரமாகவும் அமையச் செய்கிறது. நடுப்பகுதி காய்ந்துவிட்டால் அதைப் போட்டர்கூக் என்று அந்நாட்டவர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பெட்டிக்குள் இருப்பது 400 கிராம் எடையுள்ள ஒரே ஒரு பொடிப் பை. 200 கிராம் வெண்ணெயையும் ஒரு முட்டையையும் நாம் சேர்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி உட்பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பதால், பெட்டியின் பின்பக்கம் முன்பக்கப் படத்தைவிட நேர்மையாகப் பேசுகிறது. முதலில் கோதுமை மாவு, அடுத்துச் சர்க்கரை, பிறகு மாவை உப்பச் செய்யும் இ450, இ500, உப்பு, வாசனைப் பொருள். பட்டியலில் வெண்ணெய் இல்லை, இருக்கவும் முடியாது. போட்டர்கூக்கின் சுவை என்று எதைச் சொல்கிறோமோ, அதைத் தவிர மற்றதெல்லாம் பெட்டியில் இருக்கிறது.

மாவும் சர்க்கரையும் எவ்வளவு என்று பெட்டி வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால், கட்டாயமாக அச்சிட வேண்டிய ஊட்டச்சத்து அட்டவணை அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 100 கிராம் பொடிக்குச் சர்க்கரை 45 கிராம் என்று அதில் இருக்கிறது. ஆகவே முழுப் பையில் ஏறக்குறைய 180 கிராம் சர்க்கரை, மீதியில் மாவு 220 கிராமுக்கும் குறைவு. வீட்டு முறையில் 200 கிராம் வெண்ணெய்க்கு 200 கிராம் சர்க்கரையும் 250 கிராம் மாவும் போடுவார்கள். அதாவது, அதே அளவு வெண்ணெயைத் தாங்குவதற்குப் பெட்டியில் 30 கிராம் மாவாவது குறைகிறது. இது தாளில் சிறிய வித்தியாசமாகத் தெரியலாம்; கையில் அப்படித் தெரிவதில்லை. வீட்டு மாவு உருண்டையாகத் திரண்டு வருகையில், பெட்டி மாவு விரலோடு ஒட்டிக்கொண்டு இழுபடுகிறது. தட்டில் பரப்பக் கரண்டியின் பின்புறத்தை நனைத்துக்கொண்டுதான் தேய்க்க வேண்டியிருக்கிறது. வெந்த பிறகு தட்டின் ஓரத்தில் கொழுப்பு கசிந்து, விளிம்பு சுட்டது போல் இல்லாமல் பொரித்தது போல் ஆகிவிடுகிறது.

எனக்குப் பெரிய குறையாகப் பட்டது உப்பச் செய்யும் பொடிதான். பேக்கிங் பவுடர் சேர்க்கும் வீடுகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால், அடர்த்தியையே அழகாகக் கொண்ட ஒரு பண்டத்தில் அது செய்யும் வேலை எனக்கு விளங்கவில்லை. ஓவனின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், முட்டை பூசி முள்கரண்டியால் ஆழமாக இழுத்த கோடுகள் முதல் பத்து நிமிடங்கள் தெளிவாக நிற்கின்றன. பிறகு மாவு மேலெழும்போது கோடுகளின் இரு கரைகளும் உள்ளே சரிந்து, அவை இருந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. வெளியே எடுத்ததும் நடுப்பகுதி அமுங்கி, ஓரம் மேடாக நிற்கிறது. துண்டு போட்டுப் பார்த்தால் உள்ளே சிறு துளைகள். வீட்டு முறைப்படி செய்ததில் கோடுகள் கடைசிவரை கூர்மையாகவே இருந்தன. மேடுகள் மட்டும் பழுப்பேறி, பள்ளங்கள் வெளிர் மஞ்சளாக நின்றதால் அந்தச் சதுரங்களே அலங்காரமாகிவிட்டன. அட்டையில் அச்சிட்டிருக்கும் படம் அந்தப் பெட்டியிலிருந்து வந்த கேக்கின் படமாக இருக்குமா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை.

செய்முறையில் "200 கிராம் வெண்ணெய் அல்லது மார்கரின்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த "அல்லது" பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிரான்சில் 1869இல் இப்போலித் மேஜ்-மூரியே கண்டறிந்த மார்கரினை, 1871இல் ஓஸ் என்ற நெதர்லாந்து ஊரின் வெண்ணெய் வணிகர்களான யூர்கன்ஸ் குடும்பத்தார் தொழிலாக எடுத்துக்கொண்டார்கள். அதே ஊரின் வான் டென் பெர்க் குடும்பமும் போட்டியில் இறங்கி, இரண்டும் 1927இல் ஒன்றாகி, பின்னர் பிரிட்டனின் லீவர் நிறுவனத்தோடு இணைந்து யூனிலீவர் ஆயின. ஆகவே வெண்ணெய்க்குப் பெயர் போன இந்த நாட்டில் மார்கரின் நேற்று வந்த விருந்தாளியன்று. சிக்கனம் பார்க்கும் சமையலறைகளில் அது பல தலைமுறைகளாகப் புழங்கி வருகிறது. அதனால்தான் வெண்ணெய் மட்டுமே சேர்த்த பண்டங்களின் உறையில் "ரூம்போட்டர்" (பாலேட்டு வெண்ணெய்) என்று தனியே எடுத்துச் சொல்லும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

வரலாறு எப்படியிருந்தாலும், இந்தக் கேக்கில் மார்கரினுக்கு இடமில்லை என்பதே என் முடிவு. கட்டியாக விற்கும் மார்கரினோடு செய்தபோது நிறமும் வடிவமும் குறைவில்லாமல் வந்தன. வாயில் போட்டால் இனிப்பும் வனிலா வாசனையும் உடனே தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் வர வேண்டியது வரவில்லை, நாக்கின் மேல் ஒரு மெழுகுப் படலம் மட்டும் தங்கியது. வெண்ணெயில் குறைந்தது 80 விழுக்காடு பால் கொழுப்பும், மிஞ்சிப் போனால் 16 விழுக்காடு நீரும்தான் இருக்கலாம் என்று ஐரோப்பிய விதி வரையறுத்திருக்கிறது. நெதர்லாந்தின் வழக்கமான உப்பில்லா வெண்ணெய் லேசான புளிப்புச் சுவை உடையது; ஏடே நகரத்து நிசோ ஆய்வு நிலையம் உருவாக்கிய முறையில், கடைந்தெடுத்த பிறகு நுண்ணுயிர்களால் புளிக்கவைத்த சாற்றை வெண்ணெயில் சேர்த்துப் பிசைகிறார்கள். அந்த மெல்லிய புளிப்புதான் இவ்வளவு சர்க்கரையைத் திகட்டாமல் தின்ன வைக்கிறது. இதைவிட மோசமான ஆபத்து ஒன்றும் உண்டு: டப்பாவில் விற்கும் ஹல்வாரினையும் மார்கரின் என்றே நினைத்துப் போட்டுவிடுபவர்கள் இருப்பார்கள். அதில் கொழுப்பு ஏறத்தாழ 40 விழுக்காடுதான், மீதியில் பெரும்பகுதி நீர். அவ்வளவு நீர் மாவில் சேர்ந்தால் பசைத்தன்மை கூடிக் கேக் ரொட்டி போல் இறுகிவிடும். இதைப் பற்றிப் பெட்டியில் எச்சரிக்கை எதுவும் இல்லை.

வேகவைக்கும் நேரத்திலும் பெட்டி நம்மைக் கைவிடுகிறது. 180 டிகிரியில் 35 நிமிடம் என்கிறது; ஓவனுக்குள் விசிறி ஓடினால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. மேலும் கீழுமாகச் சூடேறும் சாதாரண ஓவனில் 175 டிகிரியும் 25 நிமிடமும், விசிறி உள்ளதில் 160 டிகிரியும் போதுமானவை. போட்டர்கூக்கைப் பொறுத்தவரை வெந்துவிட்டதா என்று குச்சி குத்திப் பார்ப்பதால் பயனில்லை, ஏனெனில் சரியான பதத்தில் எடுக்கும்போது நடுப்பகுதி இன்னும் வேகாதது போலத்தான் இருக்க வேண்டும். வெண்ணெய்க் கொழுப்பு 35 டிகிரிக்கு மேல் முழுவதும் உருகிய நிலையில் இருப்பதால், சூடான கேக் எப்போதும் குழைவாகவே தெரியும். ஆறும்போதுதான் கொழுப்பு உறைந்து, துண்டு போடக்கூடிய உறுதி வருகிறது. இதை அறியாதவர் நடுவில் விரலால் தொட்டுப் பார்த்து, இன்னும் ஐந்து நிமிடம் விட்டுவைப்போம் என்று நினைப்பார். அந்த ஐந்து நிமிடத்தில் எல்லாம் கெட்டுவிடும். விளிம்பு பொன்னிறமாகி, மேற்பரப்பு பளபளப்போடு மஞ்சளேறியதும் எடுத்துவிட வேண்டும். தட்டிலிருந்து கழற்றாமல் அப்படியே முழுதாக ஆறவிட வேண்டும் என்பதையும் பெட்டி "பிறகு ஆறவிடவும்" என்ற ஒரே சொற்றொடரில் கடந்துவிடுகிறது.

கலவை இல்லாமல் செய்வது இதைவிடக் கடினமா என்றால், இல்லை. முன்னே சொன்ன அளவில் மாவும் சர்க்கரையும் உப்பும் ஒரு பாத்திரத்தில் சேர்த்து, குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கிப் போட்டு, விரல் நுனியால் உதிரியாகப் பிசிறி, அடித்த முட்டையில் மேலே பூசக் கொஞ்சம் நிறுத்திக்கொண்டு மீதியை ஊற்றித் திரட்டினால் வேலை முடிந்தது. மாவை அழுத்திப் பிசையக் கூடாது என்பது ஒன்றே கவனிக்க வேண்டிய விதி. 22 முதல் 24 சென்டிமீட்டர் அகலமுள்ள, உயரம் குறைந்த வட்டத் தட்டு இதற்குப் பொருத்தம். சர்க்கரையில் மட்டும் ஒரு தேர்வு இருக்கிறது. அங்குள்ள கடைகளில் கிடைக்கும் வெள்ளை பாஸ்டர்ட் சர்க்கரை, இன்வெர்ட் சர்க்கரைப் பாகு (குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரிந்த சர்க்கரையின் பாகு) கலந்து ஈரமாகவும் மிக நுண்ணியதாகவும் இருக்கும். அது கேக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சாதாரணச் சர்க்கரையில் செய்தால் பல்லில் நறநறவென்று தட்டுப்படும். இந்த ஒரு விஷயத்தில் பெட்டியைப் பாராட்ட வேண்டும்: அதன் பொடியிலிருக்கும் சர்க்கரை நன்றாக அரைபட்டது, எங்கும் நெருடவில்லை.

மறுநாள்தான் வித்தியாசம் முழுமையாகத் தெரிந்தது. போட்டர்கூக் செய்த அன்றைவிட அடுத்த நாள் சுவைப்பது. மூடிய டப்பாவில், குளிர்பெட்டிக்கு வெளியே வைத்தால் ஈரம் எங்கும் ஒரே சீராகப் பரவி, எலுமிச்சை மணமும் வெண்ணெய் மணமும் ஒன்றோடொன்று இயைந்துவிடும். வீட்டு முறைப்படி செய்தது அப்படித்தான் ஆனது. பெட்டியிலிருந்து வந்தது முதல் நாள் மாலையில் குறை சொல்ல முடியாத தின்பண்டமாக இருந்து, மறுநாள் காலைக் காப்பி நேரத்துக்குள் உதிரத் தொடங்கியது. வெண்ணெயின் மணம் அடங்கிப்போக, வாசனைப் பொருளின் வனிலா மட்டும் முன்னால் வந்து நின்றது.

விலையைக் கணக்குப் பார்த்தால் பெட்டிக்கு ஆதரவாகச் சொல்ல அதிகமில்லை. 250 கிராம் மாவும் 200 கிராம் பாஸ்டர்ட் சர்க்கரையும் சேர்ந்து ஒரு யூரோவைத் தொடாது. செலவில் பெரும் பங்கு வெண்ணெய்க்குத்தான் போகிறது. அதைப் பெட்டி வாங்கினாலும் வாங்க வேண்டும், வாங்காவிட்டாலும் வாங்க வேண்டும். கூடுதலாகக் கொடுக்கும் பணம், இரண்டு பொருள்களை நிறுத்துப் பையில் போட்ட கூலி. அந்தப் பணத்தை வெண்ணெயில் சேர்த்து, கடையிலிருப்பதில் நல்லதாகப் பார்த்து வாங்கினால் கேக்கில் அது தெரியும்.

கலவையை மாற்றிச் செய்ய விரும்புபவர்களுக்கும் இது உதவாது. ஆம்ஸ்டர்டாமின் யூதச் சமூகத்தோடு சேர்த்துப் பேசப்படும் இஞ்சிப் போட்டர்கூக்கில், சர்க்கரைப் பாகில் ஊறிய இஞ்சியைப் பொடியாக நறுக்கி மாவில் கலப்பார்கள். இஞ்சியே இனிப்பைக் கொண்டுவருவதால் சர்க்கரையில் 30, 40 கிராம் குறைத்துக்கொள்வது நல்லது. பொடியில் ஏற்கெனவே கலந்துவிட்ட சர்க்கரையை யாரால் பிரிக்க முடியும்? நடுவில் பாதாம் விழுது வைத்துச் செய்யும் வகைக்கும் இதே சிக்கல்தான், அதோடு இந்த இளகிய மாவு இரண்டு அடுக்காக நிற்கவும் நிற்காது.

அப்படியென்றால் யார் இதை வாங்கலாம்? விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த குடிலில் ஓவன் இருந்து தராசு இல்லாதவர்களுக்கு இது உதவும். நெதர்லாந்தின் வெண்ணெய்க் கட்டி 250 கிராம் எடையில் வருகிறது; உறையில் 50 கிராமுக்கு ஒரு கோடு போட்டிருந்தால் கத்தியால் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி ஒதுக்கினாலே அளவு சரியாகிவிடும், தராசே தேவைப்படாது. அங்கேயும் மூன்று மாற்றங்களைச் செய்துகொள்ளச் சொல்வேன்: மாவு கிடைத்தால் இரண்டு மேசைக்கரண்டி கூடுதலாகச் சேர்ப்பது, முட்டையில் பாதியை மட்டும் உள்ளே விடுவது, பெட்டி சொல்லும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே எடுத்துவிடுவது. இவற்றைச் செய்தால் உப்பச் செய்யும் பொடியின் வேலை ஓரளவு அடங்கி, கோடுகள் பாதியாவது நிற்கும். தராசு இருக்கும் வீட்டில் இந்தப் பெட்டிக்கு வேலையில்லை. நான் மீண்டும் வாங்கப் போவதில்லை.