பத்தில் ஒரு பங்கு படங்களோடு ஒன்றரை வருடம்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் சர்க்கிட் போர்டு செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். சால்டர் (ஈயப் பற்றவைப்பு) பழுதைப் படத்தில் கண்டுபிடிக்கும் ஏஐ மாடல் என் பொறுப்பு. அந்த மாடலின் நியூரல் நெட்வொர்க் அமைப்பை, அதாவது எந்த அடுக்கு எதோடு இணைய வேண்டும் என்பதை, நானே வரையாமல், டார்ட்ஸ் (DARTS) என்ற தேடல் முறையில் கணினியையே தேட விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது.

2016-ல் கூகுளின் ஸோப், லீ இருவரும் இப்படித் தேட 800 ஜிபியு (மாடல் பழக்கப் பயன்படும் வேகமான சிப்) ஓட்டினார்கள். 2018-ல் வந்த டார்ட்ஸ் அதை ஒரே ஜிபியுவில் சில நாள் வேலையாக்கிவிட்டது. எங்களிடம் இருப்பதும் ஒன்றுதான். ஆனால் எல்லாப் படங்களையும் கொடுத்து வெள்ளி மாலை போட்டால் செவ்வாய்தான் முடியும். அமைப்பு சரியில்லையா, மறுபடி நாலு நாள்.

அதனால் 10% படங்களை மட்டும் வைத்துத் தேடினேன். ஒரு குட்டி மாடலைப் பழக்கி, எந்தப் படத்தில் அது எவ்வளவு தடுமாறுகிறது என்பதை அளக்கும் என்ட்ரோபியைக் கணக்கிட்டேன். கஷ்டமான படத்தில்தானே விஷயம் இருக்கும் என்று அவற்றை மட்டும் எடுத்தேன். கிடைத்த அமைப்பு முழுக்க ஸ்கிப் இணைப்புகள், அதாவது வந்ததை மாற்றாமல் அப்படியே கடத்திவிடுபவை. பழக்கிப் பார்த்தால் பழைய மாடலைவிட மோசம்.

சரி, எடுத்த படங்களையே பார்ப்போம் என்று ஒவ்வொன்றாகத் திறந்தோம். லேபிள் போடும் தம்பி ஒன்றில் நிறுத்தி, "அக்கா, இது பிரிட்ஜ் இல்ல, லைட் பட்டு மின்னுது" என்றார். பிரிட்ஜ் என்றால் இரண்டு கால்களை ஈயம் ஒட்டிவிடும் பழுது. ஐசி சிப்பின் இரண்டு கால்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு, அச்சு அசல் ஈயம் மாதிரி. பெரிதாக்கினால் கோட்டுக்கு அடியில் போர்டின் பச்சை தெரிந்தது. மங்கிய படம், தப்பு லேபிள் என்று மற்றவையும் அதே கதை. மாடலைத் தடுமாற வைத்தது பழுதின் நுணுக்கம் இல்லை, குப்பை.

முழுப் படங்களுக்குப் பதில் சிறு தொகுப்பை வைத்துத் தேடுவது பற்றி 2021-ல் வந்த ப்ராக்ஸி டேட்டா ஆய்வு சொன்னபடி இரண்டு முனையிலிருந்தும் எடுத்தேன்: சுலபமானவையும் வேண்டும், கஷ்டமானவையும் வேண்டும். கஷ்டமானவற்றை மட்டும் தம்பி கண்ணால் பார்த்துக் குப்பையைச் சலித்து நீக்கினார். போர்டில் உள்ள பாகத்தின் ஒரு முனை தூக்கி நிற்கும் டூம்ஸ்டோன் பழுது எங்களிடம் அபூர்வம். அதற்குத் தனி ஒதுக்கீடு வைத்தேன், இல்லையென்றால் 10%-ல் காணாமலே போய்விடும். இப்போது மாலையில் போட்டால் காலை ஷிப்டுக்குள் அமைப்பு தயார். நாலு நாள் தேடலில் கிடைத்ததற்கு அது குறைந்ததில்லை.

தேடத்தான் இந்தச் சிறு தொகுப்பு. கிடைத்த அமைப்பை முழுப் படங்களோடு முதலிலிருந்து பழக்கியே ஆக வேண்டும். அப்புறம், தேர்வு பழசாகும். ஆய்வு மேசையில் விளக்கை மாற்றிய மாதம், முன்பு சுலபமாக இருந்த படங்களே கஷ்டமாகிவிட்டன. என்ட்ரோபி கணக்கிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தோம். அந்தச் சலித்தெடுக்கும் வேலைக்கு மட்டும் இரண்டு நாள் பிடித்தது.