பீடோங்கில் ஒரு விளையாட்டுப் பொருள் கடை

மலேசியாவின் கெடா மாநிலத்துச் சிற்றூரான பீடோங்கின் தோட்டத்துப் பிள்ளைகள் பூப்பந்து மட்டைக்கு நரம்பு கட்ட முன்பெல்லாம் சுங்கை பட்டாணி பட்டணம் வரை போக வேண்டியிருந்தது. இப்போது பீடோங்கிலேயே, பழைய கடைவரிசையில் உள்ள இச்சிறு கடையில் அவ்வேலை நேர்த்தியாக நடக்கிறது. என் மகளின் மட்டைக்கு 24 பவுண்டு இழுவையில் நரம்பு கட்டிய கடைக்கார அண்ணன், ஒவ்வொரு முடிச்சையும் விரலால் அழுத்திப் பார்த்த பிறகே கையில் கொடுத்தார்.

சுவரில் மூவர் படங்கள் மட்டுமே உள்ளன. எட்டு முறை உலக வெற்றியாளரான ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட் ஒருவர். 2022-இல் சாலை விபத்தில் காயமடைந்து, மீண்டெழுந்து, 2024-இல் லண்டனில் பட்டம் வென்ற ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி இன்னொருவர். அவர் நம் கெடா மண்ணின் பிள்ளை என்பதால் படத்துக்கு அண்ணன் தினமும் பூ வைக்கிறார். மூன்றாமவர் மலேசியப் பூப்பந்து வீரர் லீ சோங் வெய். மூன்று ஒலிம்பிக்கில் வெள்ளியே கிடைத்தும் மக்கள் அவரை ஏன் இவ்வளவு நேசிக்கிறார்கள் என்று மகள் கேட்டாள். 2016 ரியோ அரையிறுதியில், கடைசி ஆட்டத்தை 22-20 என வென்ற அவரும், தோற்ற சீன வீரர் லின் டானும் கட்டித் தழுவிச் சட்டையை மாற்றிக்கொண்டதை அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு விவரித்தார். எதிராளியை மதிப்பவரையே ரசிகர்கள் மறப்பதில்லை என்பது என் எண்ணமும்கூட.

காலணிகளில் சிறுவர் அளவு குறைவு. அதற்கு இன்னும் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். நரம்பு கட்ட மாலை ஐந்துக்கு முன் செல்லுங்கள், பள்ளி விட்டதும் கூட்டம் நெருக்கும்.