அயர்ன் டிரிப்ஸ் ஏற்றும் முன் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள்

ரத்தம் கம்மி என்று போனால் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிய காலம் மாறிவிட்டது. எங்கள் பக்கத்தில் தெருமுனை கிளினிக்கிலேயே ஒரு கட்டிலைப் போட்டு அயர்ன் டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவதில் தவறே இல்லை. தேவைப்படுகிறவர்களுக்கு அது அருமையான சிகிச்சை. ஆனால் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று ஒரு வரிகூட எழுதித் தராமல் ஏற்றி அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. என் அக்கா அப்படி ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டாள். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு 43 வயது, வட சென்னையில் இருக்கிறாள். அந்த கிளினிக் டாக்டர்தான் பல வருஷமாக அவள் குடும்பத்துக்கே பார்த்து வருகிறார். பிள்ளைகளின் காய்ச்சல், மாமியாரின் சர்க்கரை எல்லாம் அவர் கையில்தான். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று அக்கா போனாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.1. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எனவே 8.1 கவனிக்க வேண்டிய எண்தான். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “மாத்திரையெல்லாம் உனக்கு ஒட்டாதும்மா. அஞ்சு பாட்டில் ஏத்திட்டா ஆளே மாறிடுவே” என்றார். ஒரு பாட்டிலுக்கு 3,500 ரூபாய். உடம்பில் இரும்பு இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லவில்லை. மாதவிலக்கில் எவ்வளவு ரத்தம் போகிறது, மூலம் இருக்கிறதா, இதற்கு முன் இரும்பு மாத்திரை எடுத்திருக்கிறாளா, எதையும் கேட்கவில்லை.

அந்த “அஞ்சு பாட்டில்” கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எவ்வளவு இரும்பு தேவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதற்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது: உடல் எடையை, 15-லிருந்து ஹீமோகுளோபினைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, கடைசியில் 500 கூட்ட வேண்டும். அக்கா 58 கிலோ. போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 1,460 மில்லிகிராம் வருகிறது. அயர்ன் சுக்ரோஸ் என்ற மருந்தென்றால் ஒரு தடவைக்கு வழக்கமாக 200 மில்லிகிராம்தான் ஏற்றுவார்கள். அப்படியானால் அவளுக்கு ஏழெட்டு தடவை ஆகும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் ஒரே தடவையில் 1,000 மில்லிகிராம் வரை ஏற்றலாம், ஒரு வாரம் விட்டு மிச்சத்தை ஏற்றி முடித்துவிடலாம். இரண்டில் எந்த மருந்துக்கும் அக்காவின் கணக்கு ஐந்தில் வந்து நிற்காது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு காலேஜ் பெண்ணுக்கும் ஐந்துதான், ஒரு வயதான அம்மாவுக்கும் ஐந்துதான். அளந்து கொடுக்கிற மருந்தை பேக்கேஜ் போட்டு விற்றிருக்கிறார்கள்.

முதல் தடவை நான் கூடப் போயிருந்தேன். டாக்டர் அங்கே இல்லை, வேறு கிளினிக்குக்குப் போய்விட்டார். ஒரு சின்னப் பெண் மட்டும் இருந்தாள். மருந்தை உள்ளே எங்கோ கலந்து பாட்டிலோடு எடுத்து வந்தாள். வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் குத்திவைக்கும் ஊசிக்குழாய்) போட்டு டிரிப்ஸை ஓடவிட்ட கொஞ்ச நேரத்தில் அக்கா, “கை எரியுதும்மா, வீங்குற மாதிரி இருக்கு” என்றாள். அந்தப் பெண், “அயர்ன்னா அப்படித்தான்க்கா இருக்கும், சீக்கிரம் முடிச்சிடலாம்” என்று வேகத்தைக் கூட்டினாள். ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்து தோலுக்கடியில் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. எரிச்சலோ வீக்கமோ வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். இரும்பு தோலுக்கடியில் தங்கினால் பழுப்புக் கறை விழும். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இருக்கும். சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடும். அக்காவுக்கு முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் அந்தக் கறை இருக்கிறது. முழுக்கை ரவிக்கை போட்டுத்தான் கல்யாண வீடுகளுக்குப் போகிறாள்.

ஏற்றி முடித்ததும் “கிளம்புங்கக்கா” என்று எழுப்பிவிட்டாள். அரிதாக என்றாலும் இந்த மருந்துகளால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். அதனால்தான் அவசர சிகிச்சை வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இடத்தில் மட்டுமே ஏற்ற வேண்டும், முடிந்த பிறகும் குறைந்தது 30 நிமிடம் உட்காரவைத்துக் கவனிக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துகள் முகமை 2013-லேயே சொல்லியிருக்கிறது. அட்ரினலின் ஊசி, ஆக்ஸிஜன், அதைக் கையாளத் தெரிந்த ஆள், இந்த மூன்றில் ஒன்றையும் நான் அங்கே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். இரும்பு மருந்து கரும்பழுப்பு நிறம். சலைனில் கலந்த பிறகும் பாட்டில் டிகாக்‌ஷன் மாதிரிதான் இருக்கும், முதல் தடவை அப்படித்தான் இருந்தது. பின்னால் ஏற்றிய பாட்டில்கள் பளிச்சென்ற மஞ்சள். அக்கா ஒன்றை போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். அந்த மஞ்சள், பி காம்ப்ளெக்ஸ் மாதிரி விட்டமின் ஊசி கலந்தால் வருகிற நிறம். டாக்டரிடம் போய்க் கேட்டோம். “அயர்னோட சேர்த்து விட்டமினும் போட்டிருக்கேன், நல்லதுதானே” என்றார். இரும்பு மருந்தை வெறும் சலைனில் மட்டும்தான் கலக்க வேண்டும், வேறு எந்த மருந்தையும் அதோடு சேர்க்கக் கூடாது என்று அந்த மருந்துகளின் தாளிலேயே போட்டிருக்கும். அப்படியே கலந்திருந்தாலும் பழுப்பு எங்கே போகும்? ஒவ்வொரு பாட்டிலுக்கும் 3,500 வாங்கியது இரும்புக்கு.

எல்லாம் முடிந்து, போதுமான வாரங்கள் விட்டு மறுபடி பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.6. சரியான அளவு இரும்பு போயிருந்தால் மாதத்துக்குள் இரண்டு கிராம் அளவுக்காவது ஏறியிருக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அந்த அம்மா ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “என்ன மருந்து ஏத்தினாங்க? மொத்தம் எத்தனை எம்.ஜி.?” எங்கள் கையில் இருந்தது “அயர்ன் டிரிப்” என்று கிறுக்கிய ஒரு துண்டுச் சீட்டு. அவர் கோபப்படவில்லை, ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். கூடுதலாகப் போன இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது, அதனால் ஏற்கெனவே போனது எவ்வளவு என்று தெரியாமல் மேற்கொண்டு ஏற்ற முடியாது. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட் குறைந்து உடம்பு அசதியும் எலும்பு வலியும் வரும், அதையும் பார்க்க வேண்டும். மருந்தின் பெயர் தெரிந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயத்துக்கு ஃபெரிட்டின், பாஸ்பேட் என்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஃபெரிட்டின் 9 என்று வந்தது. இரும்பு இருப்பே இல்லை என்று அர்த்தம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி தெரிந்தது. மாதாமாதம் ரத்தம் வெளியே போய்க்கொண்டிருக்க, அந்தக் குடும்ப டாக்டர் காரணத்தைத் தேடவே இல்லை. எனக்கு மனம் ஆறாதது இதில்தான். பணத்தைவிட, அத்தனை மாதம் அவள் அப்படியே வாடிக் கிடந்தது.

புது இடத்தில் மருந்து ஏற்றியபோது நர்ஸ் குப்பியை அக்கா கண்முன் காட்டினார், உடைத்தார், கலந்தார். பெயர், அளவு, பேட்ச் நம்பர், காலாவதி தேதி நான்கும் கேஸ் ஷீட்டில் ஏறின. படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, “தாராளமா எடுத்துக்கங்க” என்றார். நேர்மையாக ஏற்றுகிறவர்களுக்கு இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அதனால் நீங்களும் கேளுங்கள். குப்பியை, நீங்கள் பார்க்கும்போது உடைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் மருந்துச் சீட்டை வாங்கி நீங்களே மருந்துக் கடையில் வாங்கிக் கொடுங்கள், அப்போது எம்.ஆர்.பி.யும் தெரியும், பில்லும் கிடைக்கும். டாக்டர் கிளினிக்கில் இல்லையென்றால் படுக்காதீர்கள், அவர் வந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றும் முன் ஃபெரிட்டின் பார்த்தார்களா, மாத்திரை ஏன் போதாது என்பதற்கு ஒரு காரணம் சொன்னார்களா என்றும் கேளுங்கள். மாத்திரை நிறையப் பேருக்கு நன்றாகவே வேலை செய்யும். காபி, டீயோடு விழுங்காமல் இருந்தால் இன்னும் நன்றாக ஒட்டும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள், ரத்தப்போக்கு அதிகம் உள்ளவர்கள், பிரசவம் நெருங்கியவர்கள் போன்றோருக்குத்தான் டிரிப்ஸ். கர்ப்பிணி என்றால் முதல் மூன்று மாதத்தில் ஏற்றக் கூடாது. அதற்குப் பிறகு தேவைப்பட்டால் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அயர்ன் சுக்ரோஸ் இலவசமாகப் போடுகிறார்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: சிகிச்சைக் குறிப்புகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் வருஷ நடத்தை விதிகள் சொல்கின்றன. நாங்கள் ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பினோம், அதே “அயர்ன் டிரிப்” சீட்டின் ஜெராக்ஸ்தான் வந்தது. அதையும், கையின் படங்களையும், மஞ்சள் பாட்டில் படத்தையும் வைத்து அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறோம். பணத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. மருந்தால் வந்த பாதிப்பை நோயாளியே 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம், மருந்தின் பெயரையும் பேட்ச் நம்பரையும் கேட்பார்கள். இதே மாதிரி “அஞ்சு பாட்டில்” ஏற்றிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் சீட்டு, பணம் அனுப்பிய ஜிபே விவரம், கைப் படம் எல்லாவற்றையும் இன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கறையைத் தேதியோடு வாரம் ஒரு படம் எடுங்கள், ஆணையத்தில் அது உதவும்.