பச்சைக் குறியை நம்பியதில் போனது 34,038 ரூபாய்: வருமான வரி மென்பொருள் பற்றி ஓர் எச்சரிக்கை

பெங்களூருவில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள், அதிலும் இந்த ஆண்டு ஏதாவது ஓர் இணையதளத்துக்குப் பணம் கட்டி வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தவர்கள், இதைப் படித்து முடிக்கும் முன்பே வருமான வரித் துறையின் தளத்துக்குள் சென்று உங்கள் ரிட்டர்ன் வெரிஃபை ஆகியிருக்கிறதா, அதாவது தாக்கல் செய்த கணக்கு உங்களுடையதுதான் என்று உறுதிசெய்யும் கடைசிப் படி முடிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் இழந்தது 34,038 ரூபாய். வரிக் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. அந்தக் கணக்கைத் துறையிடம் சேர்த்துத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியவர்கள், அந்தக் கடைசி வேலையைச் செய்யாமலேயே செய்து முடித்துவிட்டதாகத் திரையில் பச்சைக் குறி காட்டினார்கள். அதனால்தான் இவ்வளவு பணமும் போனது.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் நுகர்வோர் புகார் இப்போதுதான் பதிவாகியிருக்கிறது. அலுவலகம் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16ஐ ஏற்றினால் சில நிமிடங்களில் கணக்கு தயார் என்று மெட்ரோ ரயில் நிலையங்களிலும் கைபேசியிலும் விளம்பரம் செய்யும் வகையைச் சேர்ந்தது என்பது மட்டும் போதும்.

முந்தைய ஆண்டுகளில் நான் துறையின் தளத்திலேயே இலவசமாகத் தாக்கல் செய்துவந்தேன். 2024-25 நிதியாண்டில் அக்டோபர் மாதம் வேலை மாறியதால் கையில் இரண்டு ஃபார்ம் 16 இருந்தன. புதிய அலுவலகம் ஜனவரியிலேயே முதலீட்டு ஆதாரங்களை வாங்குவதை நிறுத்திவிட்டது. அதனால் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் (என்பிஎஸ்) போட்ட 50,000 ரூபாயும், குடும்பத்துக்கும் ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்கும் கட்டிய மருத்துவக் காப்பீட்டுத் தொகை 60,000 ரூபாயும் கணக்கில் சேராமல், சம்பளத்திலேயே பிடிக்கும் வரி (டிடிஎஸ்) 22,880 ரூபாய் அதிகமாகப் பிடிக்கப்பட்டிருந்தது. அந்தப் பணத்தை ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற முடியும் என்பதாலும், இரண்டு ஃபார்ம் 16 இருந்தால் இந்த மென்பொருள் தானாகவே சேர்த்துக்கொள்ளும் என்று அலுவலகத்தில் பலர் சொன்னதாலும் அதற்குள் நுழைந்தேன்.

சேர்த்தது உண்மைதான், ஆனால் சேர்க்கக் கூடாததையும் சேர்த்தது. வேலை மாறியவர் பழைய சம்பள விவரத்தைப் புதிய அலுவலகத்தில் 12பி படிவத்தில் கொடுத்திருந்தால், புதிய ஃபார்ம் 16இன் ‘பி’ பகுதியில் முந்தைய முதலாளி கொடுத்த சம்பளமும் ஒரு வரியாக இடம்பெற்றிருக்கும். மென்பொருள் அதையும் எடுத்துக்கொண்டு, பழைய அலுவலகத்தின் ஃபார்ம் 16ஐயும் எடுத்துக்கொண்டு, என் 14 லட்சம் ரூபாய் வருமானத்தை 21 லட்சம் என்று காட்டியது. நிலையான கழிவு 50,000 ரூபாயையும் இரண்டு முறை கழித்தது. வீட்டு வாடகைப் படிக்கான கேள்வியில் பெங்களூருவைப் பெருநகரம் என்று அதுவே குறித்துக்கொண்டது. அந்த நிதியாண்டில் வாடகைப் படிக்கான விதியில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களுக்கு மட்டுமே அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் என்ற வரம்பு இருந்தது. இந்த ஊரின் வாடகையை வைத்துப் பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நமக்கு அப்போது 40 சதவீதம்தான். இவையெல்லாம் சேர்ந்து, ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரி பாக்கி என்று சிவப்பு எழுத்தில் வந்தது. அதன் கீழேயே, சிக்கலா, எங்கள் நிபுணர் முடித்துத் தருவார், 3,999 ரூபாய் மட்டும் என்ற பொத்தானும் இருந்தது. அந்தத் திட்டத்தின் விவரத்தில் தாக்கல், இ-வெரிஃபிகேஷன், ரீஃபண்ட் வரும் வரை உதவி என மூன்றும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஜிஎஸ்டியுடன் 4,718 ரூபாய் கட்டினேன்.

மறுநாள் மாலை ஒருவர் அழைத்தார். முதலில் ஆங்கிலத்தில் தொடங்கியவர், என் பெயரைப் படித்ததும் தமிழுக்கு மாறினார். தர்மபுரிப் பக்கம் தன் ஊர் என்றும், இங்கே பொம்மனஹள்ளியில் தங்கியிருப்பதாகவும் சொன்னார். உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் கணக்கைச் சரியாகவே போட்டார். இரட்டிப்பான சம்பளத்தைக் கண்டுபிடித்து நீக்கினார், புதிய வரி முறையைவிட, கழிவுகள் நிறைய உள்ள பழைய முறையே எனக்கு லாபம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார், வரிக்குரிய வருமானம் 8,45,600 ரூபாய், வரி 84,885 ரூபாய், பிடித்தம் செய்யப்பட்டது 1,07,765 ரூபாய், ஆகவே ரீஃபண்ட் 22,880 ரூபாய் என்று நிறுத்தினார். நான் காகிதத்தில் போட்டு வைத்திருந்த தொகையும் அதேதான். பெருநகரக் குறியை மாற்றச் சொன்னபோது மட்டும், “உங்க வாடகைக்கு அதனால ஒண்ணும் மாறாதுங்கண்ணா” என்று சிரித்தார். மாறாது என்பது சரி, என்றாலும் நான் வற்புறுத்திய பிறகே மாற்றினார்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மீண்டும் அழைத்து, “ஓடிபி வந்திருக்கும் பாருங்கண்ணா, சொல்லுங்க, இதோட வேலை முடிஞ்சுது” என்றார். சொன்னேன். வெரிஃபிகேஷனும் ஆகிவிட்டதா என்று கேட்டேன். “எல்லாமே ஆயிடுச்சுங்கண்ணா, இனி ரீஃபண்ட் பேங்க்குக்கு வரும், நீங்க எதையும் திறந்து பார்க்கவே வேண்டாம்” என்றார். சில விநாடிகளில் அந்தச் செயலியில் பச்சைக் குறியும் வண்ணக் காகிதங்கள் பறக்கும் வாழ்த்தும் தோன்றின. என் 15 இலக்க ஒப்புகை எண்ணைத் தாங்கிய ஒரு பிடிஎஃப் மின்னஞ்சலில் வந்தது. அது துறையின் படிவம் அல்ல, அந்த நிறுவனத்தின் சின்னத்தோடு அவர்களே அச்சிட்ட சுருக்கம்.

நடந்தது என்னவென்றால், அந்த ஓடிபி துறையின் தளத்தில் என் கணக்குக்குள் நுழைவதற்குப் பயன்பட்டிருக்கிறது. ரிட்டர்னைச் சமர்ப்பித்துவிட்டு, வெரிஃபிகேஷனைப் பிறகு செய்கிறேன் என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்து வெளியேறிவிட்டார்கள். வெரிஃபிகேஷனுக்குத் தனியாக இன்னோர் ஓடிபி வந்திருக்க வேண்டும், அது வரவே இல்லை. போதாததற்கு, முதன்மை மின்னஞ்சல் இருக்க வேண்டிய இடத்தில் அவர்களுடைய முகவரி இருந்தது. துறை அனுப்பிய நினைவூட்டல்கள் அங்கேதான் போயிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை.

செப்டம்பர் முழுவதும் கூட வேலை பார்ப்பவர்களுக்கு ரீஃபண்ட் வந்துகொண்டிருந்தது. நிறுவனத்தின் அரட்டை உதவியில் கேட்டபோது, நான்கு அல்லது ஐந்து வாரம் ஆகும் என்ற ஒரே பதிலை வெவ்வேறு பெயர்களில் பலர் ஒட்டினார்கள். பிறகு ஒருவர், என் பான் அட்டையில் அப்பாவின் பெயர் முழுமையாகவும் வங்கிக் கணக்கில் முதலெழுத்தாகவும் இருப்பதுதான் தாமதத்துக்குக் காரணம், தென்னிந்தியப் பெயர்களுக்கு இது சகஜம் என்றார். அந்தச் சிக்கல் உண்மையிலேயே உண்டு. இனிஷியல் வைத்துக்கொள்ளும் நம்மில் பலருக்கு வங்கிக் கணக்கு முன்சரிபார்ப்பில் தோற்றுப்போவது அதனால்தான். ஆனால் என் கணக்கு முன்பே சரிபார்க்கப்பட்டு, அதே கணக்குக்குச் சென்ற ஆண்டு ரீஃபண்டும் வந்திருக்கிறது. அதைச் சொன்னதும், ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் மத்திய மையம் உங்கள் ஊரான பெங்களூருவிலேயே இருக்கிறது, அங்கே வேலை தேங்கியிருக்கிறது, பொறுத்திருங்கள் என்று பதில் வந்தது. என் ரிட்டர்ன் வெரிஃபை ஆகாததால் பரிசீலனைக்கே போகவில்லை என்பது அவர்கள் திரையில் தெரிந்திருக்கும். அதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. தர்மபுரிக்காரரின் எண்ணோ வெளியே அழைக்க மட்டுமே பயன்படும் எண்; திரும்ப அழைத்தால் ஒலிப்பதே இல்லை.

தீபாவளி முடிந்து நானே கடவுச்சொல்லை மாற்றி உள்ளே போய்ப் பார்த்தபோது, இ-வெரிஃபிகேஷன் நிலுவையில் என்று இருந்தது. அதற்குள் எல்லாக் கெடுவும் தாண்டியிருந்தது. முன்பு வெரிஃபை செய்ய 120 நாள் இருந்தது. 2022 ஆகஸ்ட் 1 முதல் தாக்கல் செய்யும் ரிட்டர்ன்களுக்கு அது 30 நாளாகக் குறைக்கப்பட்டது. 30 நாளுக்குப் பிறகு வெரிஃபை செய்தால், செய்த அந்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். 2025இல் ஜூலை 31 என்ற கடைசித் தேதியை செப்டம்பர் 15க்கும், பின்னர் ஒரு நாள் கூட்டி 16க்கும் நீட்டித்தார்கள். ஆகவே ஆகஸ்டில் சமர்ப்பித்த நான், சட்டத்தின் கண்ணில் தாமதமாகத் தாக்கல் செய்பவன் ஆகிவிட்டேன்.

தாமதக் கட்டணம் 5,000 ரூபாயோடு இது முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையே இயல்பான முறை. சம்பளக்காரர் பழைய முறை வேண்டும் என்றால், கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்யும் ரிட்டர்னில்தான் அதைக் கேட்க முடியும். தாமத ரிட்டர்னில் அந்த வாய்ப்பே கிடையாது. வாடகைப் படிக் கழிவு 2,42,000 ரூபாய், சேமிப்பு, முதலீடுகளுக்கான 80சி பிரிவில் 1,50,000 ரூபாய், என்பிஎஸ், மருத்துவக் காப்பீடு எல்லாம் ஒரே அடியாகப் போய், புதிய முறையின் 75,000 ரூபாய் நிலையான கழிவு மட்டும் மிஞ்சியது. புதிய முறையில் 13,25,000 ரூபாய்க்கு வரியும் செஸ்ஸும் சேர்த்து 1,09,200 ரூபாய். தாமதக் கட்டணத்தையும் கூட்டி, பிடித்த வரியைக் கழித்து, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கினால், நான் மேலும் 6,440 ரூபாய் கட்ட வேண்டும். வர வேண்டிய 22,880 வரவில்லை, கையிலிருந்து 6,440 போனது, நிறுவனத்துக்குக் கொடுத்தது 4,718. மொத்தம் 34,038 ரூபாய். சில்லறை வட்டியைச் சேர்க்கவில்லை.

அல்சூரில் இருக்கும் ஓர் ஆடிட்டரிடம் போனேன். தாமதத்தை மன்னிக்கக் கோரித் தளத்திலேயே மனுப் போடலாம், ஆனால் ஏற்பதும் மறுப்பதும் துறையின் முடிவு, டிசம்பர் 31 தாண்டினால் தாமத ரிட்டர்னும் தாக்கல் செய்ய முடியாது என்றார். மனுவை நம்பிக் காத்திருக்கத் துணிவில்லாமல், வெரிஃபை ஆகாத பழைய ரிட்டர்னைத் தள்ளுபடி செய்துவிட்டுப் புதிதாகத் தாக்கல் செய்து, இந்த முறை என் கையாலேயே வெரிஃபை செய்தேன்.

இத்தனைக்கும் பிறகு நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் பேசினார். எங்கள் விதிமுறைகளின்படி இ-வெரிஃபிகேஷன் வரி செலுத்துபவரின் பொறுப்பு என்றார். உங்கள் திட்டத்தின் விவரத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்றதற்கு, அது உதவி செய்வோம் என்ற பொருளில் என்றார். 4,718 ரூபாயையாவது திருப்பித் தாருங்கள் என்றால், சேவை வழங்கப்பட்டுவிட்டது என்றார். 34,038 ரூபாய் போயிருக்கிறது என்று மறுபடியும் சொன்னேன். அடுத்த ஆண்டுத் தாக்கலுக்கு 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார், கூப்பனும் வந்துவிட்டது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆனால் கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. துறையின் ஒப்புகைப் படிவத்தையே கேளுங்கள்: தலைப்பில் வெரிஃபிகேஷன் படிவம் என்று இருந்தால் வேலை முடியவில்லை, ஒப்புகை என்று இருந்தால்தான் முடிந்தது. துறையின் தளத்தில் உங்கள் பான் எண்ணோடு பதிவாகியிருக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவைதானா என்று இன்றே பாருங்கள். ஓடிபியைத் தொலைபேசியில் யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள், எந்த ஊர்க்காரராக இருந்தாலும். இரண்டு ஃபார்ம் 16 இருந்தால், இரண்டாவதில் முதல் சம்பளம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். என்னைப் போலவே வெரிஃபை ஆகாமல் நிற்பவர்கள் டிசம்பர் 31க்கு முன் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். புகாருக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அரட்டை உதவியில் அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றையும் அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் உதவிக் கோரிக்கையை (டிக்கெட்) அவர்கள் மூடிய அன்றே அங்கே பேசியது எல்லாம் மறைந்துவிட்டது, இப்போது புகாரோடு இணைக்க என்னிடம் இருப்பவை அந்த பிடிஎஃப், பணம் கட்டிய ரசீது, கூப்பன் ஆகிய மூன்றுதான்.