எம்ஐடி கம்கிட்: எஸ்ஓபி எழுத உட்காரும்முன் திறக்க வேண்டிய பக்கம்

மேற்படிப்பு விண்ணப்பத்தோடு தரும் எஸ்ஓபிக்கு, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லும் நோக்கக் கட்டுரைக்கு, மாதிரிகள் பஞ்சமே இல்லை, தேடினால் கொட்டுகிறது. ஆனால் ஒரு மாதிரி ஏன் நன்றாக இருக்கிறது என்று யாரும் விளக்குவதில்லை. அதனால்தான் ஆளாளுக்கு "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம்" என்று தொடங்குகிறார்கள்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கு வழிகாட்டும் கம்யூனிகேஷன் லேப், கம்கிட் என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் வழிகாட்டிப் பக்கங்களில் அந்த விளக்கம் இருக்கிறது. மாதிரிக் கட்டுரைகளைக் கொடுத்து, எந்த இடம் எதற்காக எழுதப்பட்டது என்று கூடவே குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். படிக்கப்போவது யார், அவர்களுக்கு எது தெரிய வேண்டும் என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள்.

என் தம்பிக்காகத்தான் இதை முழுவதும் படித்தேன். "பேட்டரி ஆராய்ச்சியில் பணியாற்றி நிறையக் கற்றுக்கொண்டேன்" என்று எழுதி வைத்திருந்தான். என்ன செய்தாய், அதனால் என்ன ஆனது, அது உனக்கு ஏன் முக்கியம் என்று கம்கிட் கேட்பதையே நானும் கேட்டேன். மெல்ல மெல்ல விஷயம் வந்தது. சோதனை முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவராமல் இருந்திருக்கின்றன. எல்லாரும் பேட்டரியைச் சந்தேகிக்க, வெப்பநிலை சென்சார் பேட்டரி செல்லை விட்டுத் தள்ளி ஒட்டப்பட்டிருந்ததை இவன்தான் கண்டுபிடித்திருக்கிறான். அளவீட்டு முறைகள் பக்கம் இவன் திரும்பியதே அதற்குப் பிறகுதான். இதை அப்படியே ஒரு பத்தியாக எழுதினான். விடாமுயற்சி உள்ளவன் என்று தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. காசு வாங்கிக்கொண்டு முழுதாக எழுதித் தருபவர்களுக்கு இந்த சென்சார் கதை எப்படித் தெரியும்?

கம்கிட்டில், விண்ணப்பிக்கும் துறைக்கும் உங்களுக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டச் சொல்லும் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். "உலகப் புகழ்பெற்ற தங்கள் பல்கலைக்கழகம்" என்ற வரி வீண். அது அவர்களுக்கே தெரியும். எந்த ஆய்வகம், அங்கே நடக்கும் எந்த வேலை, அதில் உங்கள் கேள்வி எங்கே சேர்கிறது என்று எழுதுங்கள்.

குறை என்றால், உதாரணங்கள் எல்லாம் அறிவியல், பொறியியல் பக்கமே. இலக்கியமோ சமூகப்பணியோ படிக்கப் போகிறவர்கள் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் நடத்தும் ஆன்லைன் ரைட்டிங் லேப் பக்கங்களையும் பாருங்கள். அதுவும் இலவசம்தான், பொதுவாக எல்லாத் துறைக்கும் பொருந்தும்.

இரண்டில் எதைப் படித்தாலும், விண்ணப்பிக்கும் இடம் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் படித்துவிடுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் படிப்பின் நோக்கத்தைத் தனியாகவும் சொந்த வாழ்க்கைப் பின்னணியைத் தனியாகவும் கேட்கிறது. ஒரே கட்டுரையை இரண்டாக வெட்டிப் போட்டால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.